அரை மணி நேரம் படுக்கக் கூடாது

விழுந்து ஒடையலைங்க கண்ணு. ஒடைஞ்சு விழுந்தாங்க. அதத்தான் நானும் பத்து நாளா எல்லார்த்துகிட்டயும் சொல்லிச் சொல்லி ஓஞ்சுட்டேன். எதுத்த பேக்கரிக்காரரு, படியில வழுக்கிருச்சுங்கறாரு. பக்கத்து ஊட்டு வெண்ணிலா, தலை சுத்திருச்சுங்கறா. நான் இதா, இந்த மருந்துக்கடைக் கவுண்டருக்குள்ள நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். மொதல்ல சத்தம். அப்பறந்தான் விழுந்தது. நடுவுல ஒரு மூச்சு விடற நேரம் இருந்துச்சு. அந்த நேரம் அக்கா நின்னுக்கிட்டுத்தான் இருந்தாங்க. என்ன சத்தம்னு குனிஞ்சு தன்ற காலயே பாத்தாங்க.

உக்காருங்க. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்குங்க. நீங்க அவங்க அண்ணன் மகதானுங்களே, தீபிகா. நேத்து ஆசுபத்திரி வராண்டாவுல பாத்தேன், பேசத் தோதுப்படலை. பெங்களூர்ல இருந்து நீங்களேவா கார ஓட்டிக்கிட்டு வந்தீங்க? இந்த மழையில. ஊட்டுச் சாவி என்ற கிட்டத்தான் இருக்குது, தர்றேன். துணிமணி எடுக்கோணும், ஜெபமாலை எடுக்கோணும்னு அக்கா போன்ல சொன்னாங்க. அலமாரிச் சாவி அரிசி டப்பாவுல இருக்குமாம்.

பழைய டாக்டர் சீட்டு எல்லாமா? இருக்குதுங்க. எதுக்குங்க கண்ணு?

ஓ. அந்த சேலத்து டாக்டர் மேல கம்ப்ளெய்ண்ட் எழுதப் போறீங்களா. மெடிக்கல் கவுன்சிலுக்கு. ம்... அஞ்சு வருசத்துல நிறுத்த வேண்டிய மாத்திரைய பதினோரு வருசம் முழுங்க வெச்சுட்டாருன்னு. ஆமாங்க, ஆபரேசன் பண்ணுன டாக்டர் அப்படித்தான் சொன்னாரு, நானும் பக்கத்துலதான் நின்னேன். கோவம் வரத்தானுங்களே செய்யும். சீட்டெல்லாம் ஒரு கவர்ல போட்டு வெச்சிருக்கேன், தர்றேன். அதுக்கு முன்னால நடந்தத ஒருக்கா கேட்டுக்குங்க. எழுதறதுன்னா எல்லாந் தெரிஞ்சுதான எழுதோணும்.

ஒரு நிமிசம் கண்ணு. சொல்லுங்க சார், வாந்திக்குங்களா? பெரியவங்க எத்தன பேரு? பாப்பாவுக்கு என்ன வயசு? அப்ப பாதி போதும். கெளம்பறதுக்கு அரை மணி முன்னால குடுத்துருங்க, முன் சீட்ல உக்கார வெச்சுக்குங்க.

போயிட்டாங்க. இந்தக் கடையில எச்சா விக்கறது அதுதானுங்க. இருவது கொண்டை ஊசி வளைவு இருக்குதில்லீங்களா. வாங்குவாங்க, போயிருவாங்க. டீக்கடையில உக்காருவாங்க, சலூன்ல உக்காருவாங்க, மருந்துக்கடையில யாருங்க உக்காருவாங்க? சீக்கு ஒட்டிக்குமோன்னு கொஞ்சம் தள்ளி நின்னுதான் கை நீட்டுவாங்க. முப்பத்திரண்டு வருசமா நிக்கறேன். இங்க உக்காந்தவங்கன்னா உங்க அத்தை ஒருத்தங்கதான். அந்த ஸ்டூலே அவங்களுக்காக வாங்கினதுதான்.

அவங்களுக்கு அந்த மாத்திரை எப்படி வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ரிட்டயரான வருசம், பாத்ரூம் படியில தடுக்கி மணிக்கட்டு ஒடைஞ்சுது. சேலத்துல கட்டுப் போட்ட டாக்டர், அந்தப் பழைய டாக்டர்தான், இந்த வயசுல இத்தன சுளுவா ஒடையக்கூடாதேன்னு ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னாரு. எலும்பு பூராம் சல்லடையாட்டம் இருக்குது, இன்னொரு தடவ விழுந்தா இடுப்பு போயிரும்னு சொல்லி, வாரத்துக்கு ஒண்ணுன்னு மாத்திரை எழுதினாரு. அலெண்ட்ரோனேட், எழுவது மில்லிகிராம். நல்ல மருந்துங்க. அதக் கொறை சொல்லக்கூடாது. எத்தனையோ பேருக்கு இடுப்பு ஒடையாம காப்பாத்தியிருக்குது.

ஆனா அதச் சாப்பிடறதுக்கு ஒரு மொறை இருக்குது. வெறும் வயித்துல சாப்பிடோணும். ஒரு டம்ளர் நெறைய பச்சத் தண்ணி, காப்பி கீப்பி கூடாது. முழுங்கிட்டு அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது. அரை மணி நேரம் படுக்கவும் கூடாது. படுத்தா மாத்திரை தொண்டைக் கொழாயில நின்னு புண்ணு பண்ணிரும். அக்கா மொத வாரமே முழுங்கிட்டு, குளுருதுன்னு போர்வைக்குள்ள போயிட்டாங்க. நெஞ்செரிச்சல்னா அப்படி ஒரு நெஞ்செரிச்சல். மறுநா இங்க வந்து சண்டைக்கு நின்னாங்க. என்ன தம்பி மருந்து குடுத்தே, நெருப்பக் குடுத்தியான்னு. நான் மொறையச் சொன்னேன். அப்ப அவங்க சொன்னாங்க, ஞாயித்துக்கெழம காலையில சர்ச்சுப் பூசைக்குப் போறப்ப நான் எதுவும் சாப்பிடறதில்ல, பூசை முடிஞ்சு வர்ற வழியில இங்கயே போட்டுக்கறேன், படுக்காம நீ பாத்துக்கன்னு.

சும்மா வேடிக்கையாத்தான் சொன்னாங்க. ஆனா அடுத்த ஞாயிறு வந்துட்டாங்க.

ஏழே முக்காலுக்கு வருவாங்க. ஞாயித்துக்கெழம நான் ஒம்பதுக்குத்தான் கடை தொறந்துக்கிட்டு இருந்தவன், அதுல இருந்து ஏழரைக்கே தொறந்துட்டேன். தண்ணிய முன்னாடியே காய்ச்சி ஆற வெச்சிருப்பேன். குடைய அந்த ஷட்டர் கொக்கியில மாட்டுவாங்க. ஒரே ஒரு மாத்திரை வாங்குவாங்க. அட்டையா நாலு வாங்கிக்கலாம்ல அக்கான்னு ஆரம்பத்துல ஒருக்கா கேட்டேன். ஊட்டுல வெச்சா மறந்துருவேன்னாங்க. மறக்கறவங்களா அவங்க? ஏற்காட்டு எஸ்டேட் நம்பர் பூராம் மனப்பாடமா வெச்சிருந்தவங்க. நானும் அதுக்கப்பறம் கேக்கலை.

அரை மணி நேரம். பேசுவோம், பேசாமயும் இருப்போம். பழைய எக்ஸ்சேஞ்ச் நாயம் சொல்லுவாங்க. தலையில மாட்டிக்கிட்டு ஒயர ஒயரப் புடுங்கி சொருகிக்கிட்டு இருந்த காலம். மழைக்காலத்துல மரம் விழுந்து லைன் போயிட்டா, மஞ்சக்குட்டைப் பக்கம் எந்த எடத்துல விழுந்திருக்கும்னு சத்தத்த வெச்சே சொல்லிருவாங்களாம். இந்த ஊர்ல பாதிப் பேருக்கு அவங்க மொகம் தெரியாது கண்ணு, கொரலு தெரியும். ஒரு எஸ்டேட் ரைட்டரு, வயசானவரு, இங்க மருந்து வாங்க வந்தவரு அக்கா பேசறதக் கேட்டுட்டு, நீங்க எக்ஸ்சேஞ்ச் அம்மாதானேன்னு அப்படியே நின்னுட்டாரு. அவரு சம்சாரம் செத்த சேதியச் சேலத்துல இருந்து அவருக்கு லைன் போட்டுக் குடுத்தவங்க அக்காதானாம். அன்னிக்கு அக்கா அரை மணிக்கு மேலயே உக்காந்திருந்தாங்க.

ஆமாங்க, நானும் தனியாத்தான். எங்க ஊட்டுக்காரி போயி பன்னெண்டு வருசமாச்சு. பையன் ஓசூர்ல இருக்கறான். வா வாங்கறான், நான் போறதில்ல. கடைக்குப் பின்னாடியே ஒரு ரூம்பு, மெஸ்ல இருந்து சாப்பாடு. காலையில எட்டுக்கு ஷட்டர் தூக்கினா பொழுதோட எட்டுக்கு எறக்கறது. அதுக்கு நடுவுல நான் பேசறது என்னன்னு ஒருக்கா யோசிச்சுப் பாத்தேன். சாப்பாட்டுக்கு முன்ன, சாப்பாட்டுக்குப் பின்ன. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அவ்வளவுதானுங்க.

ஒரு நாளு கடியாரத்த அஞ்சு நிமிசம் பின்னால திருப்பி வெச்சேன், சிரிக்காதீங்க. அக்கா சரியா எட்டேகாலுக்கு எந்திரிச்சுருவாங்க, மணி அடிச்ச மாதிரி. அன்னிக்கு கைக்கடியாரத்தப் பாத்துட்டு, தம்பி உன்ற கடியாரம் பிந்துது, பேட்டரி மாத்துன்னு சொல்லிட்டுப் போனாங்க.

கொரோனாவுல ஊரே மூடிக் கெடந்துச்சே, கோயில் இல்ல, பூசை இல்ல. மருந்துக்கடை மட்டுந்தான் தொறந்திருந்துச்சு. அப்பவும் வந்தாங்க. மாஸ்க்க எறக்கி மாத்திரையப் போட்டுக்கிட்டு மறுபடியும் ஏத்திக்குவாங்க. ஸ்டூல கடைக்கு வெளிய, ஆறடி தள்ளிப் போட்டிருந்தேன். போலீஸ்காரரு வந்து என்னம்மா இங்க உக்காந்திருக்கீங்கன்னாரு. மருந்து சாப்பிட்டிருக்கேன், படுக்கக்கூடாதுன்னாங்க. அவரு ஒண்ணும் புரியாம போயிட்டாரு.

நீங்க வரலைன்னு நான் கொறையாச் சொல்லலைங்க கண்ணு. அவங்கவங்களுக்கு அவங்கவங்க சோலி. உங்க கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து போட்டோவெல்லாம் காட்டினாங்க.

வலிதானுங்க நான் கவனிச்சிருக்கோணும். இந்த வருசம் பொங்கல் கழிஞ்சு ஆரம்பிச்சுது. தொடை வலிக்குதுன்னாங்க. முட்டி இல்ல, இடுப்பு இல்ல, நடுத்தொடை. பல்வலியாட்டம் உள்ளுக்குள்ள வலிக்குது, நடக்க நடக்க எச்சாவுது, உக்காந்தாக் கொறையுதுன்னாங்க. கோயில் மேட்டுல ஏறறப்ப நாலு எடத்துல நின்னு வந்தாங்க. குளுருக்கு நரம்பு புடிச்சிருக்கும்னு நான் தேய்க்கறதுக்கு ஆயின்மெண்ட் குடுத்தேன். அப்பறம் வலி மாத்திரை குடுத்தேன். ஊர்ல ஒரு க்ளினிக்ல காட்டினாங்க, முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்தாங்க, வயசானதுக்குத் தேய்மானம்னு சொல்லி அனுப்பிச்சுட்டாங்க. வலிச்சது தொடை, படம் எடுத்தது முட்டி. ஒரு சாண் மேல எடுத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். அந்த மாத்திரைப் பெட்டிக்குள்ள மடிச்சு மடிச்சு ஒரு பேப்பர் வருமில்லீங்களா, எறும்பு எழுத்துல. தொடை வலி வந்தா டாக்டர்கிட்டச் சொல்லோணும்னு அதுல போட்டிருக்குது. பதினோரு வருசத்துல எத்தனை பெட்டி தொறந்திருப்பேன். அந்தப் பேப்பர நான் படிச்சது ஒடைஞ்ச மறுநாளு.

அன்னிக்கு ஞாயிறு. நல்ல மூடுபனி, பேக்கரி லைட்டு கூடத் தெரியலை. அக்கா எட்டேகாலுக்கு எந்திரிச்சாங்க. ஒரு படி எறங்கிட்டாங்க. குடைய மறந்துட்டீங்கன்னு நாந்தான் சொன்னேன். திரும்பினாங்க. அவ்வளவுதானுங்க கண்ணு அவங்க செஞ்சது. குடைய எடுக்கத் திரும்பினாங்க. காஞ்ச சவுக்குக் குச்சிய முட்டியில வெச்சு ஒடிக்கற சத்தம். நான் என்னமோ வெளிய கெளை முறிஞ்சு விழுதுன்னு நெனச்சேன். அக்கா குனிஞ்சு காலப் பாத்தாங்க, என்னையப் பாத்தாங்க, அப்பறம் அப்படியே எறங்கிட்டாங்க, சேலை மடிஞ்சு விழற மாதிரி. கத்தலை. தம்பி, என்ற காலு என்னமோ ஆயிருச்சுன்னு மட்டும் சொன்னாங்க, சாதாரணமா.

நூத்தியெட்டு வண்டி வந்துச்சு. கட்டை வெச்சுக் கட்டினாங்க. ஆனா இருவது வளைவு இருக்குதே. ஒவ்வொரு வளைவுக்கும் வண்டி சாயும், காலு நகரும். வண்டியில கூட வந்த பையன் என்னைய, ஐயா நீங்க தொடைய ரெண்டு கையால அமுக்கிப் புடிச்சுக்குங்கன்னான். புடிச்சுக்கிட்டேன். பதினோரு வருசத்துல டம்ளர் குடுக்கறப்பக் கூட அவங்க வெரல் என்ற மேல பட்டதில்ல. தொடை உள்ள ரெண்டா இருக்கறது என்ற உள்ளங்கைக்குத் தெரியுது. அக்கா கண்ண மூடிக்கிட்டு, வளைவு வர்றப்பெல்லாம் எத்தனாவதுன்னு கேப்பாங்க. போர்டப் பாத்து நான் சொல்லுவேன். பதினேழு. பதினாறு. ஒம்பதாவதுல வண்டிக்கு முன்னால ஒரு பஸ்சு ஏற முடியாம நின்னுக்கிட்டுது. அந்த அஞ்சு நிமிசமும் அக்கா என்ற சட்டையப் புடிச்சுக்கிட்டே இருந்தாங்க. அடிவாரம் வந்தப்ப பட்டன் ரெண்டு இல்ல.

ஆசுபத்திரியில பேப்பர்ல கையெழுத்து வாங்கறப்ப, நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்னு அந்த நர்சு கேட்டா. நான் மருந்துக்கடைக்காரன்னேன். அது எந்தக் கட்டத்துலயும் இல்ல. அவ முழிக்கறா. ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டு அக்கா சொன்னாங்க, தம்பின்னு எழுதும்மா, தம்பிதான். எழுதிக்கிட்டா. நானும் போட்டுட்டேன்.

உங்களுக்குச் சொல்லோணும்னு நம்பர் கேட்டா, அக்காவுக்கு உங்க நம்பரு தெரியலை. போன்ல இருக்குது, போனு கடையில கெடக்குது. நாப்பது வருசத்துக்கு முந்தின எஸ்டேட் நம்பரச் சொல்றாங்க, உங்களுது வரலை. நம்பரெல்லாம் இப்ப போனே வெச்சுக்குது தம்பின்னு அழுதாங்க. காலு ஒடைஞ்சதுக்கு அழுகலை, அதுக்கு அழுதாங்க. வெண்ணிலாவுக்குப் போன் பண்ணி, அக்கா போன எடுத்துப் பாக்கச் சொல்லித்தான் உங்களப் புடிச்சேன். அதுக்குள்ள சாயந்தரமாயிருச்சு.

அப்பறந்தான் டாக்டர் எக்ஸ்ரேய மாட்டிக் காட்டினாரு. சாக்பீஸ ஒடிச்ச மாதிரி நேரா, குறுக்க. விழுந்து ஒடைஞ்சா சிலும்பா ஒடையுமாம், கோணையா ஒடையுமாம். இது அப்படியில்ல. ஒடைஞ்ச எடத்துல வெளிப்பக்கம் எலும்பு தடிச்சு ஒரு மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குது. அவரு பொறுமையாத்தான் சொன்னாரு. எலும்புன்னா செத்த கட்டை இல்லீங்க, தெனமும் பழசு கரையும், புதுசு வளரும். கரையறது எச்சாப் போனா எலும்பு சல்லடையாயிரும். அந்த மாத்திரை கரையறத நிறுத்தும். நல்லதுதான். ஆனா வருசக்கணக்கா நிறுத்தி வெச்சா, நடக்கறப்ப விழற சின்னச் சின்ன கீறலுகூட ரிப்பேர் ஆகாம அப்படியே சேருது. சேந்து சேந்து ஒரு நாளு, சும்மா திரும்பறப்ப போயிருது. ஆயிரக்கணக்குல யாரோ ஒருத்தருக்குத்தானாம் இப்படி. வருசம் கூடக் கூட அதுவும் கூடுமாம். அதனாலதான் அஞ்சு வருசம் ஆனதும் திரும்பப் பாத்து, தேவையில்லாதவங்களுக்கு நிறுத்தி வெக்கறது.

எத்தன வருசமாச் சாப்பிடறீங்கன்னு கேட்டாரு. பதினொண்ணுன்னாங்க அக்கா. நடுவுல யாரும் நிறுத்தச் சொல்லலையா? இல்லீங்க, அஞ்சு வருசத்துல போயிக் காட்டினேன், தொடரச் சொன்னாருன்னாங்க. புது டாக்டர் தலைய ஆட்டிக்கிட்டாரு. பழைய ஆளுங்கம்மா, புதுசாப் படிக்கறதில்லைன்னாரு.

நான் கட்டில் கால்மாட்டுல நின்னுக்கிட்டு இருந்தேன்.

இன்னொரு காலும் எடுத்துப் பாத்தாரே, சொன்னாங்களா? அதுலயும் அதே எடத்துல தடிப்பு. மயிரு மாதிரி ஒரு கீறலு விழுந்திருக்குது. ஒடையறதுக்கு முன்னாலயே கம்பி போட்டுரலாம்னு. ஆமாங்க, செவ்வாக்கெழம. அது முடிஞ்சு பெங்களூருக்கே கூட்டிக்கிட்டுப் போயிருவீங்க. அதுதானுங்க சரி. ரெண்டு தொடையிலயும் கம்பியோட இந்த மேட்டுல எப்படி இருக்கறது.

வாங்க அம்மாசி. சர்க்கரை மாத்திரையா? சீட்டு கொண்டாந்தீங்களா? மாத்தி எழுதியிருக்காங்க, பாருங்க, காலையில போட்டது இனி வேண்டாம், ராத்திரி மட்டும். பழசு மிச்சமிருந்தா போட்டுறாதீங்க. ஊட்டுல படிச்சவங்க இருந்தா சீட்டக் காட்டி ஒருக்கா கேட்டுக்குங்க. சரி, போயிட்டு வாங்க.

வாழவந்திக்காரரு. எழுதப் படிக்கத் தெரியாது. நான் என்ன சொல்றனோ அதுதான் அவருக்கு டாக்டர் சொன்னது.

இந்தாங்க கவரு. இதுதான் நீங்க கேட்டது. மேல இருக்கறது மொத சீட்டு, பதினோரு வருசத்துக்கு முந்தினது. அடுத்தது ரத்தம் பாத்தது. அந்த மூணாவதப் பாருங்க. தேதி பாத்தீங்களா, அஞ்சு வருசம் முடிஞ்சப்ப. அந்த டாக்டர் எழுத்து அவருக்கே படிக்க வராது, இருங்க நான் படிக்கறேன். எலும்பு அடர்த்தி தேறியிருக்குது. அலெண்ட்ரோனேட் ஸ்டாப். கீழ ரெண்டு கோடு போட்டிருக்காரு பாருங்க, ஸ்டாப்க்குக் கீழ. ஒரு வருசம் கழிச்சு வரோணும். அவ்வளவுதான்.

ஆமாங்க. அவரு நிறுத்தச் சொல்லிட்டாருங்க கண்ணு.

அக்கா அன்னிக்குச் சேலத்துல இருந்து நேரா இங்கதான் வந்தாங்க. ஒரே கூட்டமாம், டாக்டர் எழுதிக் குடுத்துட்டு மருந்துக்கடையில காட்டுங்க சொல்லுவாங்கன்னுட்டாராம். சீட்ட நீட்டினாங்க. நிறுத்தறதா தம்பி, தொடரறதான்னு கேட்டாங்க. நான் படிச்சேன். ஒருக்கா இல்ல, ரெண்டு தடவ படிச்சேன். படிச்சுட்டு, தொடரச் சொல்லியிருக்குதுக்கான்னு சொன்னேன். சரின்னாங்க. சீட்ட நான் திருப்பிக் குடுக்கலை, அவங்களும் கேக்கலை. ஒரு வருசம் கழிச்சுப் போறதுக்குள்ள கொரோனா வந்துருச்சு, அந்த டாக்டரும் க்ளினிக்க மூடிட்டு மகன் ஊட்டோட போயிட்டாரு. ஆறு வருசம் நாந்தான் குடுத்தேன். ஒரு ஞாயிறு கூடத் தவறலை.

எலும்புக்குத்தான, கூட ரெண்டு வருசம் சாப்பிட்டா என்ன கெட்டுப்போகும்னு நெனச்சேன். கெடுதல்னு தெரிஞ்சு குடுக்கலை. ஆனா நிறுத்தச் சொன்னதத் தெரிஞ்சுதான் குடுத்தேன்.

அதான் கேப்பீங்கன்னு தெரியும். சும்மா ஒரு டீக்கு வாங்கக்கான்னு கூப்பிட்டிருக்கலாமேன்னு. கூப்பிட்டிருக்கலாம். இப்பத் தோணுது. அவங்க தனியா இருக்கற பொம்பளை, நான் தனியா இருக்கற ஆம்பளை, இது கையகல ஊரு. மாத்திரைக்கு வந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. டீக்கு வந்தா கேப்பாங்க. அப்படியே கூப்பிட்டு, எதுக்கு தம்பின்னு அவங்க கேட்டுட்டா நான் என்னத்தச் சொல்றது? மாத்திரை இருக்கற வரைக்கும் அந்தக் கேள்வி இல்லீங்களே.

அக்காவுக்குத் தெரியாது. ஆசுபத்திரிக்கு நாலு தடவ போனேன், சொல்லிப்போடோணும்னுதான் போனேன். ஒவ்வொரு தடவையும் ஆரஞ்ச உரிச்சு வெச்சுட்டு பஸ் ஏறிட்டேன். நாளைக்கு மொத பஸ்சுல வர்றேன். நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருந்தீங்கன்னா நானே சொல்லிடறேன், நீங்க சொல்ல வேண்டாம். உங்க வாயால கேட்டா அவங்க நம்ப மாட்டாங்க.

எந்திரிக்காதீங்க, இருங்க, ஊட்டுச் சாவிய வாங்கிக்குங்க. அந்தக் கம்ப்ளெய்ண்ட எழுதுங்க, வேண்டாங்கலை. அந்தப் பெரியவரு பேர மட்டும் எடுத்துருங்க, எம்பத்தி ரெண்டு வயசுல அவரு இதுக்குப் பதில் சொல்ல வேண்டாம். எம் பேரு சந்திரசேகர். இனிஷியல் எம். லைசென்ஸ் நம்பரு உங்களுக்குப் பின்னால செவுத்துல கண்ணாடி போட்டு மாட்டியிருக்குது, பாத்து எழுதிக்குங்க. பேனா இந்தாங்க.